பிள்ளையார்ர ஆளுக்கு ஒரு சிரட்டைச் சோறு

போன கிழமை அரிசி வாளியைத் திறந்தபடி வைத்துவிட்டு என் மகள் ஃபோனோடு வாசலுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தால் வாளிக்குள் ஒரு குட்டி. "எலி! அம்மா, எலி!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வளவு நாயும் சேர்ந்து குரைத்தது. என் மனைவி பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைக் கொண்டுவந்து குசினித் தரையெல்லாம் தெளித்தாள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குப் பழைய தகரக் கொட்டில் ஞாபகம் வந்துவிட்டது. மாமி இருந்தால் இந்தப் பெயரை இப்படிக் கத்த விட்டிருப்பாவா என்று நினைத்தேன். சிரிப்பும் வந்தது.

மாமி என்றால் என் மனைவியைப் பெற்றவ. மட்டக்களப்புப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுக்கு. நானும் ஒரு பெட்டியும் ஒரு சைக்கிளுமாகப் போய் ஏறியவன்தான். மருமகனோடு முகம் பார்த்துப் பேசுவது மாமிக்கு மரியாதைக் குறைவு. கதவுக்குப் பின்னால் நின்று மகளுக்குச் சொல்வதுபோல எனக்குச் சொல்லுவா.

"புள்ள, மருமகனிட்டக் கேளு, இன்னும் சோறு போடவா எண்டு."

எனக்கு நல்லாகவே கேட்டிருக்கும். இருந்தாலும் மனைவியைப் பார்த்து, "காணும் எண்டு சொல்லு" என்பேன்.

"அவர் வெக்கத்தில சொல்றார். நீ போடு" என்று கதவு சொல்லும். என் மனைவி போடுவாள். இப்படியே ஒரு குறையும் இல்லாமல் எங்கள் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

கடல் வந்தபோது அந்தக் கதவும் போய்விட்டது. அன்று பூரணை. நாங்கள் மூன்று பேரும் றோட்டுக்கு அந்தப்பக்கம் கோயிலில் நின்றோம். அதனால் இன்றைக்கு இதை எழுத நான் இருக்கிறேன். திரும்பிப் போய்ப் பார்த்தால் வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் மணலும். மாமி கையால் கிளறிக் கிளறி, சாமியறையில் இருந்த சின்னக் கருங்கல் பிள்ளையாரை மட்டும் எடுத்தா. தும்பிக்கை நுனியில் ஒரு சிறு உடைவு. அவ்வளவுதான்.

பிறகு தந்தார்கள் தகரக் கொட்டில். ஒரே அறை. மாமி நின்று பேச எங்கே கதவு? ஒரு பழைய சேலையைக் குறுக்கே கட்டி, அதற்குப் பின்னால் நின்றா. நிழல் தெரியும், குரல் கேட்கும், ஆள் இல்லை. மரியாதை காப்பாற்றப்பட்டது.

நிவாரண அரிசியும் மாவும் பருப்பும் மூட்டையில் வந்தன. மூட்டைக்குப் பின்னாலேயே அவர்களும் வந்தார்கள். முதல் நாள் பின்னேரம் விளக்கு வைக்கிற நேரம், ஒன்று பிள்ளையாரின் காலடியால் ஓடி, நின்று, மாமியைப் பார்த்துவிட்டுப் போனது. நான் செருப்பைத் தேடினேன். சேலைக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது:

"புள்ள, மருமகனிட்டச் சொல்லு, செருப்பக் கீழ வெக்கட்டும். கடல் எல்லாத்தையும் கொண்டு போச்சு. இவரையும் இவர்ர ஆளையுந்தான் நமக்கு விட்டுட்டுப் போயிருக்கு."

எட்டாம் வகுப்புவரை படித்த நான் செருப்பைக் கீழே வைத்தேன்.

அன்றிலிருந்து கொட்டிலுக்குள் எலி என்ற சொல் இல்லை. நாங்கள் வயல்காரச் சனம். சூடு மிதித்து நெல்லைப் பிரிக்கும் களத்தில் நெல்லை நெல் என்று சொல்லமாட்டோம், பொலி என்போம். பூதம் கேட்டால் விளைச்சலைக் கொண்டுபோய்விடும் என்று பயம். மாமி அந்த வழக்கத்தைக் கொட்டிலுக்குள் கொண்டுவந்தா. பெயர் சொன்னால் கூட்டத்தோடு வருமாம். ஆகவே "பிள்ளையார்ர ஆள்". அந்த ஆளுக்குத் தினமும் ஒரு சிரட்டையில் சோறு, கொட்டிலுக்குப் பின்னால் கழுவுதண்ணி ஓடும் கானோரம். சிரட்டைச் சோற்றைத் தின்றுவிட்டு மூட்டையைத் தொடாமல் போகவேண்டும் என்பது ஒப்பந்தம்.

அவர்கள் சிரட்டையையும் தின்றார்கள், மூட்டையையும் தின்றார்கள். கோயிலுக்கு உடுத்தும் என் வேட்டியில் கரையை மட்டும் தின்றார்கள். அது ஒப்பந்தத்தில் எங்களுக்குச் சொல்லாத நிபந்தனை போலும்.

ஒருநாள் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். மெலிந்த, நல்ல தம்பி. "எலித்தொல்லை இருக்கா?" என்று கேட்டார்.

"புள்ள, தம்பியிட்டச் சொல்லு, இஞ்ச அப்பிடி ஒண்டும் இல்ல" என்றது சேலை.

சொல்லி முடியவில்லை, கூரை வளையால் ஒன்று ஓடி, அவருடைய தோளில் தூசியைக் கொட்டிவிட்டுப் போனது.

"அப்ப இது ஆரம்மா?"

"அவர் வந்து போற ஆள்."

தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்கு விளக்கினார். சாப்பாட்டை மூடி வையுங்கள், குப்பையைச் சேர்க்காதீர்கள், புழுக்கையைக் காய்ந்தபடியே கூட்டாமல் பிளீச்சிங் தண்ணி தெளித்துத் துடையுங்கள், காலில் காயம் இருந்தால் கான் தண்ணியில் மிதிக்காதீர்கள். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன். அவர் போனதும் மாமி சிரட்டைக்குச் சோறு போட்டா. நான் தகரம் கிழித்த காலோடு அந்தக் கானோரம் போய் முகம் கழுவினேன்.

அப்போது படுவான்கரையில் சண்டை. வாவிக்கு அந்தப்பக்கம் ஷெல் விழுந்தால் எங்கள் தகரம் அதிரும். என் வயல் கிடந்த வட்டையும் அந்தப் பக்கந்தான். துறையில் நின்று மேற்கே பார்ப்பேனே தவிர, வரம்பில் கால் வைத்துக் கனகாலம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குக் காய்ச்சல் வந்து ஆசுபத்திரியில் போட்டபோது டொக்டர் முதலில் கேட்டதே அதைத்தான். கண் சிவந்து, கெண்டைக்கால் முறிகிற மாதிரி வலித்து, மூத்திரம் குறைந்துபோய்க் கிடந்தேன்.

"வயலுக்குப் போனவரா?"

"இல்ல டொக்டர். அந்தக் கரைக்கு இப்ப போக ஏலா" என்றாள் என் மனைவி.

"அப்ப வீட்டில எலி இருக்கா? யோசிச்சுச் சொல்லுங்க. இது எலிக்காய்ச்சலாயிருந்தா இப்பவே மருந்து தொடங்க வேணும். சிறுநீரகத்தில ஏறினா ஆளக் காப்பாத்துறது கஷ்டம்."

என் மனைவி வாசல் பக்கம் பார்த்தாள். ஆசுபத்திரியில் மாமிக்குக் கடைசியில் ஒரு கதவு கிடைத்திருந்தது. அதற்குப் பின்னால் நின்றா. எனக்குப் பாதி மயக்கம். 'வந்து போற ஆள்' என்று சொல்லப் போகிறா, நான் போய்ச் சேரப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். பிள்ளையாரே என்று கண்ணை மூடினேன்.

கதவு திறந்தது.

"எலி!" என்றா மாமி. வார்ட்டில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். "எலி இருக்கு டொக்டர். கூட்டம் கூட்டமா எலி. நான்தான் சோறு வெச்ச நான். பேர் சொன்னதுக்குப் பிள்ளையாருக்குக் கோவம் எண்டா என்னோட கோவிக்கட்டும்."

பிறகு என் கட்டிலுக்குக் கிட்ட வந்து, என் முகத்தைப் பார்த்து, நேரே எனக்கே சொன்னா: "மருமகன், கண்ணத் திறங்க."

நான் திறந்தேன். காய்ச்சலைவிட எனக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி.

மருந்து வேலை செய்தது. நான் வீடு திரும்பியபோது சிரட்டை இல்லை. அரிசி, மா, பருப்பு எல்லாம் மூடி போட்ட தகரப் பீப்பாவுக்குள். கானில் புதிதாக மணல் போட்டு, கொட்டிலைச் சுற்றிப் பிளீச்சிங் வாசம். பரிசோதகத் தம்பி மறுபடி வந்து, "பொறி ஒண்டு தரவா?" என்று கேட்டார்.

"வேணாம் எண்டு சொல்லு புள்ள. கொல்றது பாவம். சோறு வெக்காம விடுறது பாவமில்ல. அவர்ர ஆளுக்கு அவரே குடுக்கட்டும்."

தம்பி "இதத்தான் நாங்களும் சொல்றம்" என்றார். ஓம், சேலை திரும்பவும் கட்டப்பட்டிருந்தது. ஆசுபத்திரியில் பேசியதைப் பற்றி அவவும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் பிள்ளையாருக்கு முன்னால் அவ குட்டிக்கொள்ளும்போது வழமையைவிடக் கொஞ்சம் பலமாகக் குட்டுவா. அது எனக்குக் கேட்கும்.

சண்டையும் முடிந்தது. கல்வீடு கிடைத்தது. மாமி முதலில் பார்த்தது கதவைத்தான். திறந்து, மூடி, பின்னால் நின்று பார்த்துத் திருப்திப்பட்டா. மறுகா சில வருஷம் அந்தக் கதவுக்குப் பின்னாலேயே நின்று, பானை மூடியிருக்கா, வாளி மூடியிருக்கா என்று மகளுக்குச் சொல்வதுபோல என்னை ஆட்டிவைத்துவிட்டு, ஒரு சதுர்த்தி கழிந்த கையோடு போய்விட்டா.

போன கிழமை அந்தக் குட்டியைத் துரத்தி, தரையைத் துடைத்து, வாளியை மூடிய பிறகு சாப்பிட இருந்தேன். மனைவி அகப்பையோடு நேரே என் முகத்தைப் பார்த்து, "சோறு போடவா?" என்றாள்.

"காணும்" என்றேன்.

குசினிக் கதவைப் பார்த்தேன். 'நீ போடு' என்று சொல்ல அதற்குப் பின்னால் ஆளில்லை. அவள் போடவில்லை. பானையை இறுக்கி மூடி வைத்துவிட்டுப் போனாள்.