மாமா பார்த்து எடுத்த ராடு

என் மாமனார் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. இதை அவர் வாயால் சொல்லமாட்டார். அத்தைதான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். ஓய்வு பெற்ற மறுமாதமே ஒரு பள்ளிக்கூட வேனைப் பிடித்துக்கொண்டார். காலையும் மாலையும் பத்தொன்பது பிள்ளைகள். சொந்தக் காராக இருந்தாலும் சரி, எடுப்பதற்கு முன் ஒரு சுற்றுச் சுற்றி வருவார், டயருக்கடியில் குனிந்து பார்ப்பார், ஒவ்வொரு கதவையும் இழுத்துப் பார்ப்பார். அவசரத்துக்குக் கிளம்பும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்டால், வண்டியில் ஏறிய ஆளுக்கும் பொருளுக்கும் டிரைவர்தான் பொறுப்பு என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமாவும் நானும் அவர் காரில் கடற்கரைக்குத் தூண்டில் போடப் போவோம். மாமாவுக்கு ஆசை கிடையாது. பக்கத்திலேயே எறிந்துவிட்டு, கிடைத்தால் மீன், இல்லாவிட்டால் காற்று என்று உட்கார்ந்துவிடுவார். எனக்குத்தான் பேராசை. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு நெட்டையர் வருவார். அவருடைய கார்பன் தூண்டில் ராடிலிருந்து ஈயக் குண்டு அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போய் விழும். என்னுடையது அலைக்கு இந்தப் பக்கமே விழுந்து, அலையோடு திரும்பி என் காலடிக்கு வந்து சேரும்.

என் ராடு பத்தடி ஃபைபர், உலக்கை கனம். எட்டு வருஷமாக உழைக்கிறது. புதுசு வாங்க வேண்டும் என்று வாயெடுத்தால் என் மனைவி, "இருக்கறது உடையட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பாள். நியாயமான பேச்சுதான். ஆனால் அது உடைகிற ஜாதியில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் அதை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். நுனித் துண்டை முழங்காலில் வைத்து வளைத்தேன். வில்லாக வளைந்ததே தவிர ஒடியவில்லை. இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். பட்டென்று முறிந்தது. மறைப்பானேன், அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உறையில் போட்டுக் கட்டி வைத்தேன். மறுநாள் கடற்கரையில் உறையை அவிழ்த்து, அடடா என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. இதில் யாருக்கு என்ன கெடுதல் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் வழக்கம்போல மாமாதான் சாமான்களை ஏற்றிப் பின்கதவை அடைத்தார். வழக்கம்போலச் சுற்றி வந்தார். கடற்கரையில் என் உறையை எடுத்து நீட்டும்போது அது நுனியில் தொய்ந்தது. நின்று, கட்டை அவிழ்த்து, முறிந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"கதவை அடைக்கும்போது நான்தான் நசுக்கிட்டேன் மாப்பிள்ளை," என்றார்.

நான் பேசியிருக்க வேண்டிய இடம் அதுதான். பேச நேரமும் இருந்தது. பேசாமலும் இல்லை. "பரவாயில்லை மாமா, பழசுதானே" என்று பெரிய மனசோடு மன்னித்தேன். செய்தவன் நான், மன்னிப்பவனும் நான். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அன்றைக்கு மாமா தூண்டிலையே தொடவில்லை. கிளம்பும்போது சாவியை என் கையில் கொடுத்து, என்னையே ஓட்டச் சொன்னார். ஒரு மணி நேர வழி. இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். நான் ஓட்டினேன்.

புதன்கிழமை ராடு கடைக்குக் கூப்பிட்டார். அவர் கையால் போனது, அவரே வாங்கித் தருவாராம். எவ்வளவு மறுத்தும் கேட்கவில்லை. அன்று அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கடைக்காரர் எடுத்த எடுப்பில் பதினாலடி ராடை நீட்டினார். தூரம் போகும் என்றார். எறியப் போவது ராடா ஆளா என்று மாமா கேட்டார். என் வலது தோள் மேலே தூக்கினால் வலிக்கும் என்று எப்போதோ ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். அதை நினைவில் வைத்திருந்தார். பதினாலடி எனக்கு ஆகாது என்று ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டரை அடியில் மூன்று துண்டுக் கார்பன் ராடுகளை வரிசையாக எடுக்கச் சொன்னார். எவ்வளவு கனத்துக்கு ஈயம் தாங்கும் என்று விசாரித்தார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நேராக இருக்கிறதா என்று பார்த்தார். கொஞ்சம் பஞ்சு கேட்டு வாங்கி, தூண்டில் நரம்பு ஓடும் வளையம் ஒவ்வொன்றிலும் நுழைத்து இழுத்தார். பஞ்சு மாட்டினால் உள்ளே பிசிறு இருக்கிறது, நாளைக்கு அது நரம்பை அறுத்துவிடும் என்றார். இரண்டில் மாட்டியது, ஒதுக்கினார். மூன்றாவதில் மாட்டவில்லை. அதைப் பொருத்தி, திருகி, என் கையில் கொடுத்து, கடைவாசலில் நின்று வீசிப் பார்க்கச் சொன்னார். முக்கால் மணி நேரம் ஆனது. பஞ்சு கொடுத்த கடைக்காரர் எங்களுக்கு டீ மட்டும் கொடுக்கவில்லை.

மாதக்கணக்காக நான் ஏங்கிய ராடு அச்சு அசல் அதுதான். இறகுபோலக் கையில் நின்றது. ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வளையங்களையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறும் காரை நான்தான் ஓட்டினேன். ஈயம் அலையைத் தாண்டிப் போய் விழுந்தது. மாமா கைதட்டினார். எனக்கு மீன் பிடிக்கும் ஆசையே விட்டுப்போயிருந்தது.

மறுநாள் மத்தியானம் அவர் என் கடைக்கு வந்து, பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கண்ணைப் பார்க்கச் சொன்னார். இரண்டு கண்ணாலும் கடைசி வரிவரை தடங்கலில்லாமல் படித்தார். எனக்கு உயிர் வந்தது. முப்பது வயசுக்காரன் கண்ணு மாமா என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்போ கண்ணு இல்ல. புத்திதான்," என்றார். "சுத்தி வந்து பார்த்தது நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா உறை வெளியே நீட்டிட்டு இருந்ததைப் பார்த்த ஞாபகமே இல்ல. நாளைக்கு அங்க ஒரு பிள்ளை நின்னா?"

சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். பள்ளிக்கூடத்துக்கு எழுதியது. நாளை முதல் வேன் ஓட்டுவதை நிறுத்திக்கொள்கிறாராம். பிழை இருந்தால் திருத்திக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். அதில் ஒரு பிழைகூட இல்லை. பிழையெல்லாம் என்னிடம்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் கடிதத்தை எடுத்துக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். எங்கே போகிறோம் என்று மட்டும் சொன்னேன், எதற்கு என்று சொல்லவில்லை. நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். மாடிக்குப் போனது, முழங்காலில் வைத்தது, இரண்டாவது தடவை அழுத்தியது, ஒன்றையும் விடவில்லை.

மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு அத்தையைக் கூப்பிட்டார். "கேட்டியா? நான் வேலையை விடக்கூடாதுன்னு மாப்பிள்ளை பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கறார். எத்தனை பேருக்கு இப்படி வாய்க்கும்?" அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சத்தியம் செய்தேன். சத்தியம் செய்யச் செய்ய அவர் இன்னும் நெகிழ்ந்துபோனார். எட்டு வருஷம் நல்ல மாப்பிள்ளை என்று பெயர் வாங்கியதன் பலன், உண்மையைச் சொன்னாலும் எடுபடவில்லை.

சமையலறை வாசலில் நின்றிருந்த என் மனைவி என் பக்கம் திரும்பவில்லை.

"அவர் சொல்றது நிஜம்தாம்ப்பா," என்றாள். "அந்தச் சனிக்கிழமை மாடியிலேருந்து சீட்டி அடிச்சுக்கிட்டே இறங்கி வந்தார். எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது."

மாமாவின் முகத்திலிருந்த பூரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கையை நீட்டி என்னிடமிருந்து கடிதத்தை வாங்கினார். நாலாகக் கிழித்து, மேஜை மேல் வைத்தார். நாளைக்குக் காலையில் வேன் எடுக்கப் போகிறார் என்று புரிந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

"அன்னைக்குத் திரும்பி வரும்போது ஒரு மணி நேரம் உங்க பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தேன்," என்றார். குரலில் கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "அப்போ என்ன யோசிச்சுட்டு இருந்தீங்க மாப்பிள்ளை?"

இன்னொரு பொய்க்கு என்னிடம் தெம்பில்லை.

"பன்னிரண்டரை அடி எடுக்கலாமா, பதினாலடி எடுக்கலாமான்னு மாமா," என்றேன்.