ஒன்பது நேர்முகம் கண்டவர்

டோர்ட்மண்டில் எங்கள் அமெரிக்கன் ஃபுட்போல் கழகத்துக்கு நான்தான் செயலாளர். தலைமைப் பயிற்சியாளராக ஒப்பந்தம் எழுத வந்த அமெரிக்கர், அந்த ஆடி வெயிலிலும் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வந்தார். கதவில் தலை இடிக்காமல் குனிந்து வரவேண்டிய உயரம், கறுப்பு மனிதர். மடியில் தடித்த கோப்பு ஒன்று. அதன் மூலைகளை விரலால் நேராக்கிக்கொண்டே இருந்தார்.

கையெழுத்து வைக்கும் இடத்தைக் காட்டினேன். அவர் பேனையைத் தொடவில்லை.

"நேர்முகம் எப்ப?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"அது தேவையில்லை, கோச். உங்கட அணியின்ர ஆட்டங்களைப் பார்த்தனாங்கள். வேலை உங்களுக்குத்தான்."

அவர் முகம் மலரவில்லை. அமெரிக்காவில் தலைமைப் பயிற்சியாளர் வேலைக்கு ஒன்பது தடவை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்களாம். வெள்ளையரல்லாத ஒருவரையாவது கூப்பிடவேண்டும் என்று அங்கே விதி. கூப்பிடும்போதே வேறொருவரைத் தெரிவுசெய்து வைத்திருப்பார்களாம். கடைசிவரை அவர் உதவிப் பயிற்சியாளர்தான்.

"ஒருத்தரும் நான் சொன்னதை முழுசாக் கேக்கேல்லை. நீங்கள் கேளுங்கோ."

"தோத்துக்கொண்டிருக்கிற அணியை எப்பிடி நிமித்துவியள்?" என்றேன். கோப்பைத் திறந்து ஒரு மணித்தியாலம் பேசினார். பிறகு கையெழுத்து வைத்தார். வாசலில் நின்று திரும்பினார்.

"முடிவை எப்ப அறிவிப்பியள்?"

பகிடிக்குத்தான் கேட்டிருப்பார் என்று வீட்டில் சொன்னேன்.

"சிரிச்சவரோ?" என்றாள் மனைவி.

இல்லை. கோப்பின் மூலையை நேராக்கிக்கொண்டு, என் பதிலுக்காக நின்றார்.