அசையாத பச்சைக் கோடு

பால் பதப்படுத்தும் ஆலையில் பதினோரு வருடமாகத் திரையைக் கவனிப்பதுதான் அவளுடைய வேலை. பாலைக் காய்ச்சும் குழாய்களில் இருக்கும் சென்சார்கள் அனுப்புகிற எண்களெல்லாம் அவள் கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். இரண்டு பிரசவங்களுக்கு எடுத்த விடுப்பைத் தவிர, அந்த நாற்காலியை அவள் விட்டதில்லை.

அன்று காலை வெப்பநிலைக் கோடு எழுபத்து மூன்று டிகிரியில் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அவள் திரையை நெருங்கி உற்றுப் பார்த்தாள். பம்பின் வேகம் மாறும்போதெல்லாம் கோடு கொஞ்சமாவது நடுங்கும். இருபது நிமிடமாக அது இம்மியும் அசையவில்லை.

ஷிப்ட் மேனேஜர் அவளுடைய சொந்த அண்ணன். ஓடிப்போய்ச் சொன்னாள்.

"பச்சையாத்தானே இருக்கு? வெளிய நாலு லாரி நிக்குது. இப்ப நிறுத்தினா என்னைக் கிழிச்சுடுவாங்க."

"அண்ணா, சென்சார் செத்துப்போச்சுன்னு நினைக்கிறேன். பழைய எண்ணையே திரும்பத் திரும்ப அனுப்புது."

"நிச்சயமாத் தெரியுமா?"

தெரியாது. "ஆஸ்பத்திரிக்குப் போற பால்ணா இது" என்றபடியே ஓட்டத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டாள்.

ஆலையின் இரைச்சல் சட்டென்று அடங்கியது. அண்ணன் முகம் கடுகடுக்க, கைவெப்பமானியைக் குழாயில் செருகிப் பார்க்கப் போனான்.

"அறுபத்தாறு!" என்று அங்கிருந்தே கத்தினான். கிருமி சாகாத சூடு அது.

அதுவரை ஓடிய பாலையெல்லாம் கொட்டினார்கள். மாலையில் மேலதிகாரிகள் விசாரிக்க வந்தார்கள்.

"நிறுத்த வேண்டாம்னு சொன்னவன் நான்" என்றான் அண்ணன். "நிறுத்தினது என் தங்கச்சி."