பதுக் கூடங்களுக்கு ஒரு வழிகாட்டி

தோ சங்பிலுக்குப் பதுக் ஆடத் தெரியாது. கட்டம் போட்ட பலகை, கறுப்புக் கல், வெள்ளைக் கல், சுற்றி வளைக்கப்பட்ட கல் சாகும். அவன் ஞானம் அவ்வளவுதான். தேகு நகரத்தின் பதுக் கூடங்கள் அத்தனைக்கும் இணையத்தில் ஒரு வழிகாட்டி கட்டப்போகிறேன் என்று எங்கள் கூடத்துக்குள் வந்து நின்றபோது, இந்தக் குறையையே ஒரு தகுதியாக எடுத்து வைத்தான்.

"ஆடத் தெரியாததுதான் நல்லதுக்கா. ஒரு பக்கமா சாய மாட்டேன் பாருங்க."

கூடத்தை நடத்தும் மா ஓக்ஹீ அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சமைக்கத் தெரியாதவன் ஓட்டலைப் பத்தி எழுதுறான். நீ மட்டும் என்ன தம்பி பாவம் பண்ணினே? எழுது, எழுது."

அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டான். கேலியை அனுமதியாக எடுத்துக்கொள்ளும் திறமை மட்டும் அவனிடம் குறைவில்லாமல் இருந்தது.

காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவன். மேலாளர் தன்னைப் புரிந்துகொள்ளவில்லை என்று வேலையை விட்டுவிட்டு வந்தானாம். புரிந்துகொண்டிருந்தால் அவரே முன்னாடியே வேலையை விட்டு அனுப்பியிருப்பார். இப்போது பெயர் அட்டையில் 'தலைமை நிர்வாகி' என்று இருந்தது. நிர்வகிக்க ஒரு ஆள் கிடையாது. ஆனாலும் எதைக் கேட்டாலும் "எங்க குழுவில பேசிட்டுச் சொல்றேன்" என்பான். குழு என்பது மடிக்கணினி. சார்ஜ் தீர்ந்தால் குழு தூங்கிவிடும்.

அவன் மனைவியின் அண்ணன் குவாக் தொங்சு டயர் கடை வைத்திருந்தார். குடும்பம் அவர் கையைப் பார்த்துத்தான் ஓடியது. "சூசொக் பண்டிகை வரைக்கும் பொறுத்துக்கறேன் மாப்ளே. அதுக்குள்ள உன் தளத்தை நாலு பேர் மதிச்சா உன் வழியில போ. இல்லேன்னா என் கடைக்கு வந்து டயர் மாட்டு" என்று சொல்லியிருந்தார். சங்பில் இதை எங்கள் எல்லோரிடமும், ஒரு மேதை பட்ட துன்பத்தைச் சொல்வதுபோல, திரும்பத் திரும்பச் சொன்னான்.

தளம் எழுந்தது. எந்தக் கூடம் எத்தனையாவது மாடி, புகைக்க அறை உண்டா, கறுப்பு நூடுல்ஸ் தருவிக்க எந்தக் கடை பக்கம் என்றெல்லாம் போட்டிருந்தான். தவறொன்றும் இல்லை. பார்க்கத்தான் ஆளில்லை. அப்போது அவனுக்கு ஒரு யோசனை வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

எந்தக் கூடத்திலும் ஆட்டக்காரனுக்குப் படி போட்டுக் கொடுப்பது கூடம் நடத்துகிறவர்தான்; முதல் படிதான் உச்சி. எதிராளியைவிடக் கீழ்ப்படிக்காரன் சில கற்களை முன்கூட்டியே பலகையில் வைத்துக்கொண்டு ஆடுவான். எங்கள் முதல் படியும் சந்தைக்கு அந்தப் பக்கத்துக் கூடத்தின் முதல் படியும் ஒன்றல்ல. அது யாருக்கும் தெரியாத விஷயமும் அல்ல. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் கூ யொங்தல் பல வருடம் மூன்றாம் படியில் கிடந்தார். எழுபது வயது நிறைந்த அன்று ஓக்ஹீ அவரை இரண்டாம் படிக்கு ஏற்றினாள். முழங்கால் அறுவை முடிந்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மாடிக்கு வந்து சேர்ந்த அன்று முதல் படி. ஆட்டம் இன்னும் மூன்றாம் படி ஆட்டம்தான். எதிரே உட்காருகிறவன் எங்காவது ஒரு கல்லை வீணாக்கிவிட்டு, பேப்பர் கப்பில் காபி எடுக்க எழுந்து போவான். இதற்கு மேல் யாரும் இதைப் பற்றிப் பேசியதில்லை.

சங்பில் பலகைகளைக் கைபேசியில் படம் பிடித்தான். கணினியிடம் ஆட்டங்களைக் கொடுத்து அலசினான். ஒவ்வொரு கூடத்தின் பெயருக்குப் பக்கத்திலும் 'உண்மைப் பலம்' என்று ஒரு குறி போட்டான். எங்கள் கூடம் நகரத்திலேயே கடைசி. 'இங்கு முதல் படி, வெளியே நான்காம் படி.' பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு சிவப்பு அம்பு. எழுபது வயதுக்காரருக்குக் கொடுத்த பரிசை அளவுநாடா வைத்து அளந்துவிட்டு, விஞ்ஞானம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

பார்க்க ஆள் வந்தது. அதைவிட மோசம், கூடத்துக்கும் வந்தது. சுலபமாக ஜெயிக்க இடம் தேடும் ஜாதி ஒன்று உண்டு. அது அம்பைப் பிடித்துக்கொண்டு எங்கள் மாடியேறியது. மோதிரம் போட்ட ஒருவன் யொங்தலை வரிசையாகத் தோற்கடித்துவிட்டுக் கைபேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். "தாத்தா, நீங்க நாலாம் படின்னு போட்டிருக்கே. இனிமே கல்லை முன்னாடியே வச்சுக்கங்க, என்ன?"

யொங்தல் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அதன்பிறகு வரவில்லை.

ஓக்ஹீ சங்பிலைக் கூப்பிட்டாள். "அந்த அம்பை எடுத்துடு தம்பி."

"அது தரவுக்கா. தரவு பொய் சொல்லாது."

"பொய் சொல்லத் தெரியாத பிள்ளையை வச்சுக் குடும்பம் நடத்த முடியாதுடா. எடு."

"கூட்டம் வருதில்லக்கா? நல்லதுதானே?" வெள்ளம் புகுந்த வீட்டில் தண்ணீர்ப் பஞ்சம் தீர்ந்தது என்று மகிழ்கிறவனைப் போல அறையைச் சுற்றிப் பார்த்தான். போகிறபோது, தளத்தில் திருத்தப் பொத்தான் ஒன்று வைத்திருப்பதாகவும், ஒரே திருத்தத்தை இரண்டு பேர் அனுப்பினால் அது தானாகவே ஏறிவிடும் என்றும் பெருமையடித்துக்கொண்டான். "நான் தொடவே வேண்டாம். மக்களே பார்த்துக்குவாங்க."

ஓக்ஹீ அன்று மாலை நகரத்தின் மற்றக் கூடக்காரர்களுக்குப் போன் போட்டாள். வாடிக்கையாளர்களை இழுத்த சண்டையில் வருடக்கணக்காக முகம் பார்க்காதவர்கள் அவர்கள். பேசினார்கள். சங்பில் மச்சானிடம் காட்ட வண்ண வண்ணமாக விளக்கப்படம் தயாரித்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில், தேகு நகரத்தின் பதுக் கூடங்கள் அத்தனையும் தளத்தில் 'நிரந்தரமாக மூடப்பட்டது' ஆயின. எங்கள் கூடத்துக்கு ஓக்ஹீ ஒரு தடவை அழுத்தினாள், நான் ஒரு தடவை.

பண்டிகைக்கு முந்தைய நாள் படிக்கட்டில் இரண்டு பேர் ஏறும் சத்தம் கேட்டது.

"யாரோ விஷமம் பண்ணியிருக்காங்க மச்சான். மேல வந்து பாருங்க, கூட்டம் அலைமோதும்."

"வரேன், வரேன். நகரத்துல ஒரு கடைகூட உயிரோட இல்லேன்னு உன் தளமே சொல்லுது. நானும் அதைத்தான் சொன்னேன்."

ஓக்ஹீ கதவை ஒரு சாண் திறந்தாள். "மூடியாச்சு தம்பி."

"அக்கா! உள்ள ஆடுறாங்களே!"

"எங்கே?" திரும்பி எங்களைப் பார்த்தாள். யாரும் தலை தூக்கவில்லை. அன்று ஓக்ஹீ அவர் வீட்டுக்கே போய் அழைத்து வந்திருந்த யொங்தல், வெள்ளைக் கல்லை இரண்டு விரலால் எடுத்துப் பலகை அதிர வைத்தார். டக்.

"எலி" என்றாள் ஓக்ஹீ.

தொங்சு கதவிடுக்கில் மூக்கை வைத்து மோந்தார். சிகரெட்டும் நூடுல்ஸும் மணத்திருக்க வேண்டும். முகத்தில் சிரிப்பு பரவியது. "நானும் கொஞ்சம் ஆடுவேன் அம்மா. ஒருநாள் வரலாமா?"

"பண்டிகை முடிஞ்சு வாங்க. கடை திறந்திருக்கும்."

"அப்ப இவனுக்கு மட்டும்தான் மூடல்." மாப்பிள்ளையின் தோளில் கை போட்டார். "வா மாப்ளே. லீவு முடிஞ்சதும் கடைக்கு வந்துடு. கையுறை நான் தரேன்."

அவர்கள் இறங்கினார்கள். கீழே பன்றிக்கறி சூப் கடையின் இரைச்சலில் கரையும் வரை சங்பிலின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

"அந்தப் பொத்தானை வச்சதுதான் தப்பு மச்சான். மத்தபடி எல்லாமே சரியாத்தான் பண்ணினேன்."