ஒருவர் மட்டும் ஏறும் படகு

எனக்குப் பத்து வயதிருக்கும்போது பழவேற்காட்டில் எங்கள் வாப்பாவும் மாமாவும் ஒரு படகைப் பற்றி நான்கு மாதம் சண்டை போட்டார்கள். அந்தப் படகில் ஒரே ஒரு ஆள்தான் ஏற முடியும். எங்கள் வீட்டுக் கட்டில்கள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் என்ன நீளமோ அதுதான் அதன் நீளம். தொழுகை முடிந்து வந்தால் அதைப் பற்றிப் பேச்சு, சாப்பிட உட்கார்ந்தால் அதைப் பற்றிப் பேச்சு. குழம்பு ஊற்றுவதா வேண்டாமா என்று கேட்க உம்மா கரண்டியோடு காத்துக்கொண்டு நிற்பாள்.

வாப்பாவிடம் பெரிய பாய்த்தோணி ஒன்று இருந்தது. ஏரியின் அக்கரையிலிருந்து சவுக்கு விறகு ஏற்றிக்கொண்டு கால்வாய் வழியாக மதராஸ் வரை போய்வரும். மாமா, உம்மாவின் தம்பி, பதினைந்து வருஷம் கடலில் கப்பல் வேலை பார்த்தவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போவார். அந்தத் தடவை வந்தவர் திரும்பிப் போகவில்லை. பொன்னேரியில் ரயிலைவிட்டு இறங்கி வந்தவரை வாசலில் பார்த்ததும் உம்மா அழுதாள். ஆள் பாதியாக மெலிந்திருந்தார். பேசினால் இருமினார். அவருக்கென்று பின்கட்டில் ஓர் அறை, தனித் தட்டு, தனி டம்ளர். பிள்ளைகள் யாரும் அந்த அறைக்குள் போகக் கூடாது. கப்பலில் பெரிய உத்தியோகம் பார்த்தவர் என்பதால் இந்த மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டேன். காசநோய் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொன்னதில்லை.

வந்த ஒரு மாதத்தில் மாமா கொல்லைப்புறத்தில் படகு கட்ட ஆரம்பித்தார். ஆசாரி ஒருவர் பலகை அறுத்து இழைத்துக் கொடுப்பார். மாமா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அளவு சொல்வார். மூச்சு வாங்காத நாட்களில் ஆணியும் அடிப்பார். கொழும்புத் துறைமுகத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் இப்படிப்பட்ட படகில்தான் பாய் விடக் கற்றுக்கொள்கிறார்கள் என்றும், இது எனக்காகத்தான் என்றும் சொன்னார். என் கால் தரையில் படவில்லை.

வாப்பாவுக்கு அந்தப் படகு முதல் பார்வையிலேயே பிடிக்கவில்லை.

"இன்னா தம்பி இது? ஒரு ஆளு குந்தினா பக்கத்துல இன்னொரு ஆளு குந்த எடம் இல்லையே. கத்துக் குடுக்கறவன் எங்க குந்துவான்?"

"அவன் கரையில நிப்பான் மச்சான். பக்கத்துல ஆளு இருந்தா புள்ள அவன் மூஞ்சியப் பாக்கும். இல்லன்னா காத்தப் பாக்கும்."

"எங்க தோணில மூணு வருஷம் தண்ணி எறைச்சப்பறந்தான் கயித்தத் தொட உடுவாங்க. அதுக்கப்பறம் எத்தினி வருஷம் கழிச்சோ சுக்கான். அப்படித்தான் நான் கத்துக்கினேன்."

"இதுல மொத நாளே ஒரு கையில சுக்கான், ஒரு கையில பாய்க்கயிறு. தப்பு பண்ணா அப்பவே கவுக்கும். உங்க தோணி தப்பச் சொல்லாது, பொறுத்துக்கும்."

"கவுக்கறது ஒரு படகுக்குப் பெருமையா?" என்று வாப்பா கையை உதறிக்கொண்டு எழுந்துபோனார்.

விஷயம் கரைக்குப் போய்விட்டது. துறையில் தோணிக்காரர்கள் இரண்டு கட்சியானார்கள். எங்கள் தோணியை ஓட்டும் தண்டல், ஏரியில் இடுப்பளவுத் தண்ணீர்தான், இதில் எந்தப் படகு கவிழ்ந்தால் என்ன, ஆனால் முகத்துவாரத்துப் பக்கம் போனால் அலை இதைத் தேங்காய் மட்டையாய்த் தூக்கி எறிந்துவிடும் என்று பொதுவாக ஒரு தீர்ப்புச் சொன்னார். இரண்டு கட்சியும் அவர்மேல் பாய்ந்தன. படகின் நடுவே ஒரு பிளவு வைத்து, அதன் வழியாக ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்கும்படி மாமா செய்திருந்தார். காற்று தள்ளும்போது படகு பக்கவாட்டில் வழுக்காமல் அது பிடித்துக்கொள்ளுமாம். படகில் வேண்டுமென்றே ஓட்டை போட்டவனை இன்றுதான் பார்க்கிறேன் என்றார் வாப்பா. கரையே சிரித்தது. மாமாவும் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு நெடுநேரம் திரும்பி நின்றார்.

உம்மா பழைய பாய்த்துணியை வெட்டித் தைத்துக் கொடுத்தாள். பங்குனி வெயிலில் படகு ஏரியில் இறங்கியது.

மாமா கரையில் ஈரமண்ணில் நின்று கத்தினார். நான் கயிற்றை இழுத்தேன், விட்டேன், மறுபடி இழுத்தேன். படகு தன்பாட்டில் ஒரு வட்டமடித்தது. பிறகு காற்று பாயில் பிடித்துக்கொள்ள, அது விசுக்கென்று ஓடியது. எனக்குச் சந்தோஷத்தில் சுக்கானைப் பிடித்த கை தளர்ந்துவிட்டது. அடுத்த கணம் நான் தண்ணீருக்குள் இருந்தேன். பாய் என்மேல் கிடந்தது.

வெளியே வந்து மூச்சுவிட்டபோது வாப்பா வேட்டியோடு இடுப்பளவுத் தண்ணீரில் ஓடிவந்துகொண்டிருந்தார். பின்னால் மாமாவின் குரல்.

"தொடாதீங்க மச்சான்! யாரும் தொடாதீங்க! அவளே தூக்கட்டும்!"

வாப்பா நின்றுவிட்டார். ஏன் நின்றார் என்று எனக்குத் தெரியாது. அவர் யார் சொல்லையும் கேட்டு நிற்பவரல்ல. மாமா சொல்லிக்கொடுத்தபடி நான் சுற்றிக்கொண்டு போய், கவிழ்ந்த படகின் அடியில் துருத்திக்கொண்டிருந்த அந்தப் பலகையின்மேல் ஏறி நின்று, விளிம்பைப் பிடித்துப் பின்னுக்குச் சாய்ந்தேன். படகு முதலில் அசையவில்லை. பிறகு பாய் தண்ணீரை உதறிக்கொண்டு எழுந்தது. கரையில் ஆட்கள் கூவினார்கள். வாப்பா வேட்டியைப் பிழிந்துகொண்டு கரையேறினார்.

பதினைந்து நாளில் நான் துறைக்கு எதிரே போய்த் திரும்பி வரக் கற்றுக்கொண்டேன். ஆனால் எனக்கு ஒரு குறை. மாமா ஒருநாள்கூட என் பக்கத்தில் வந்ததில்லை. படகை இழுத்துக் கட்டும்போதுகூடப் பத்தடி தள்ளித்தான் நிற்பார். நான் சின்னவள்தானே, ஒடுங்கி உட்கார்ந்தால் இரண்டு பேர் போகலாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். முடியாது என்றார். ஒருநாள் துறையில் யாரும் இல்லாத நேரத்தில் மறுபடி கேட்டேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"உனுக்குப் பயம் மாமா. நீ கப்பல்ல சோறுதான் ஆக்கினு இருந்தியாம். துறையில சொல்றாங்க. உனுக்குப் பாய் உடத் தெரியாது."

துறையில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானாகச் சொன்னது. மாமா என்னைப் பார்த்தார். "அப்படியா சொல்றாங்க?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் மதியம், உம்மா கண்ணயர்ந்த நேரத்தில், மாமா தனியாகப் படகை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

செய்தி கேட்டு வாப்பா துறைக்கு ஓடினார். நானும் ஓடினேன். பாய் தூரத்தில் தெரிந்தது. நான் ஓட்டும்போது தட்டுத்தடுமாறி ஓடுகிற படகு, அவர் கையில் காற்றோடு பேசிக்கொண்டு போவதுபோல் போயிற்று. பாய் பக்கம் மாறும்போது ஒரு நடுக்கம் இல்லை. நம் தோணியை எடுத்துக்கொண்டு பின்னால் போகட்டுமா என்று தண்டல் கேட்டார். வாப்பா கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தபடி, "வேணாம். ஓட்டட்டும்," என்றார்.

மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் மாமா திரும்பி வந்தார். படகு மண்ணில் வந்து தட்டியது. அவர் எழுந்திருக்கவில்லை. சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தம். வாப்பா அவரைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வந்தார். அப்போதும் மாமா என்னைத் தேடிப் பார்த்து, "பாத்தியா புள்ள?" என்றார். நான் வாப்பாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அவரைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடிவாயிற்று. ரயிலும் பஸ்ஸும் குலுக்கும் என்பதால் கால்வாய் வழியே தோணியிலேயே போவதென்று வாப்பா சொன்னார். விறகு ஏற்றும் இடத்தில் வைக்கோல் பரப்பி, மெத்தை போட்டு மாமாவைப் படுக்க வைத்தார்கள். நானும் உம்மாவும் துறையில் நின்றிருந்தோம். மாமா தோணியின் பக்கப்பலகையை விரலால் தட்டிப் பார்த்தார்.

"உங்க தோணிதான் நல்ல தோணி மச்சான். ஆடவே இல்ல பாருங்க."

வாப்பாவுக்கு அப்படியொரு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "இன்னாத்துக்குடா ஒத்துக்கினு வர்ற?" என்று கத்தினார். "நாலு மாசமா வாய் கிழியப் பேசினியே, இப்பப் பேசு! என் தோணி ஒதவாத தோணின்னு சொல்லு! சொல்லுடா!" தண்டல் அவர் தோளைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். நோயாளி தன் தோணியைப் புகழ்ந்ததற்கு வாப்பா ஏன் திட்டுகிறார் என்று நான் உம்மாவைக் கேட்டேன். உம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

மாமா திரும்பி வரவில்லை. ஐப்பசி மழையில் தந்தி வந்தது. வாப்பா போய் அங்கேயே அடக்கம் செய்துவிட்டுத் தனியாகத் தோணியில் வந்தார். மாமாவிடம் நான் சொன்ன அந்தப் பொய்யை யாரிடமும் சொல்லவில்லை. உம்மா கேட்டபோதுகூட, மாமா ஏன் படகை எடுத்துக்கொண்டு போனார் என்று எனக்குத் தெரியாது என்றேன்.

மழை விட்டபிறகு ஒருநாள் வாப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு துறைக்குப் போனேன். கவிழ்த்துப் போட்டிருந்த சின்னப் படகைச் சுற்றி ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். அக்கரையிலிருந்து வந்த தோணிக்காரர் ஒருவர் அதைக் காலால் தட்டி, "இது இன்னா விளையாட்டுச் சாமானா? ஒரு ஆளு குந்தினா கத்துக் குடுக்கறவன் எங்க குந்துவான்?" என்றார்.

"அவன் கரையில நிப்பான்," என்றார் வாப்பா. "பக்கத்துல ஆளு இருந்தா புள்ள அவன் மூஞ்சியப் பாக்கும். இல்லன்னா காத்தப் பாக்கும்."

"கவுந்துடுமே."

"கவுக்கும்யா. தப்ப அப்பவே சொல்லும். என் தோணி சொல்லாது."

ஒவ்வொரு சொல்லும் மாமாவுடையது. வாப்பா விடவில்லை. அந்த ஆள் இது வீண் என்றார், வாப்பா இல்லை என்றார். குரல் ஏறிக்கொண்டே போயிற்று. எனக்குக் கோபம் தாங்கவில்லை. சாப்பாட்டுத் தூக்கைத் தரையில் வைத்தேன்.

"பொய் சொல்றீங்க வாப்பா. நீங்கதான் இத வேணாம்னு சொன்னீங்க. மாமாகிட்ட சண்டை போட்டீங்க."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அடி விழும் என்று நினைத்தேன். வாப்பா ஒன்றும் செய்யவில்லை. "ஆமாம்மா, சண்டை போட்டேன்," என்றார். பிறகு அந்த ஆள் பக்கம் திரும்பி, நடுவில் இறங்கும் பலகை எதற்கு என்று முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தார்.

தோற்ற கட்சிக்கு மாறிக்கொண்ட மனிதர் என்று அன்று வாப்பாவை மனதுக்குள் மட்டமாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். மாமா போன பிறகு அந்தப் பக்கம் நின்று பேச அவரைவிட்டால் வேறு ஆள் இல்லை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.