வாசல் சிமெண்டுக்குக் கீழே

எங்கள் தாமான் குடியிருப்புக்குக் கவுன்சிலராக வந்த அம்மா, குருண் டவுனில் தையல் கடை வைத்திருக்கிறார். சனிக்கிழமை காலையில் கடையைத் திறப்பதற்கு முன்னால் பழைய மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவார். ஒரு வாரத்துக்கு ஒரு வரிசை வீடு. எந்த வீட்டில் ஏறினாலும் முதலில் ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீர் கேட்பார். குடித்துவிட்டுத்தான் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பது மாதிரியான நோட்டுப் புத்தகத்தைத் திறப்பார்.

எனக்கு அடுத்த வீட்டுக்காரிக்கு வாய் கொஞ்சம் அதிகம். ஒரு நாள் கேட்டே விட்டாள்.

"கவுன்சிலர்னா கார்ல வரணும்லா. நீங்க என்னமோ முட்ட விக்க வந்த மாதிரி மோட்டார்ல வர்றீங்க."

"கார்ல வந்தா உங்க ரோட்டுக் குழி எனக்கு எப்படிக்கா தெரியும்? மோட்டார்ல வந்தாத்தான் இடுப்பு சொல்லும்."

அந்தக் குழியை ஒரு மாதத்துக்குள் மூடிவிட்டார்கள். எரியாமல் கிடந்த இரண்டு தெரு விளக்குகளும் எரிந்தன. குப்பை லாரி வராத வாரம் அவரே நகராட்சி அலுவலகத்துக்குப் போய் நிற்பார் என்று சொல்வார்கள்.

என்னிடம் வரும்போது, "உங்க வீட்டுல என்னம்மா?" என்பார்.

"ஒன்னும் இல்ல" என்பேன்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. கேட்டால்தான் பதில், அதுவும் பாதி. ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்ததால் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். அவர் நோட்டில் என் வீட்டு நம்பருக்கு நேரே ஒவ்வொரு தடவையும் "ஒன்றும் இல்லை" என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று இருந்தது.

நாங்கள் வேலை பார்த்த தோட்டத்தைக் கம்பெனி விற்ற பிறகு இந்த வரிசை வீட்டுக்கு வந்தோம். மூத்த மகள் கல்யாணம் கோயிலில், சமையல் எங்கள் வாசலில் என்று முடிவானது. அண்டா வைக்க இடம் போதவில்லை. வாசலுக்கு முன்னால் ஓடும் லோங்காங் என்கிற சாக்கடைக் கால்வாயின் மேல் சிமெண்டு போட்டுவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். தோட்டத்தில் லயத்து வீடுகளைப் பழுது பார்த்த கை அவருடையது. பலகை அடித்து, கீழே ஆறு பால்மரக் கட்டைகளை முட்டுக் கொடுத்து, மேலே சிமெண்டைக் கொட்டினார். கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது நான்தான்.

சிமெண்டு இறுகியதும் கட்டைகளை உருவப் போனார். அதற்குள் பந்தக்கால் நட்டாகிவிட்டது. என் மாமியார் விடவில்லை.

"பந்தக்கால் நட்டாச்சு. மறுவீடு முடியிற வரைக்கும் நட்ட மரத்துல எதையும் புடுங்காத."

அம்மா பேச்சை அவர் தட்டமாட்டார். மறுவீட்டு விருந்தும் முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறேன் என்றார். தண்ணீர் எப்படியோ போய்க்கொண்டுதான் இருந்தது, அதனால் நானும் கேட்கவில்லை. பிறகு பக்கத்து வீடுகளும் கார் நிறுத்த வேண்டும் என்று சிமெண்டு போட, நான்கு வீட்டு வாசலும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகும் ஆட்கள் காலால் தட்டிக் காட்டுவார்கள்: "அண்ணன் போட்ட சிமெண்டு, பாரு, ஒரு வெடிப்பு இல்ல." எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கும்.

இந்த வருடம் மழை பலமாகப் பிடித்தது. அடுத்த வீடு சற்றுப் பள்ளம். கால்வாய் பொங்கித் தண்ணீர் அவள் கூடத்துக்குள் ஏறியது. அவள் புருஷன் கை கால் விழுந்து கூடத்தில்தான் படுத்திருக்கிறார். இரண்டு தடவை அவர் மெத்தை நனைந்தது. இரண்டு தடவையும் நான் போய்த் தண்ணீரைத் தள்ளி, தரையைத் துடைத்துக் கொடுத்தேன். துடைக்கும்போதெல்லாம் அந்தக் கட்டைகள்தான் நினைவுக்கு வந்தன.

வரிசையில் எல்லாரும் முறுக்குக்காரரைச் சொன்னார்கள். எனக்கு மறுபக்கத்து வீடு அவருடையது. வீட்டிலேயே பலகாரம் சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறவர். எண்ணெய்ச் சட்டியைக் கால்வாயில்தான் கழுவுவார். தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. வருடத்தில் அவருக்கு அதுதான் அறுவடை.

அந்தச் சனிக்கிழமை கவுன்சிலரம்மா நீளமான மூங்கிலோடு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, முறுக்குக்காரர் வீட்டுக்கு மேல் பக்கமாக இறங்கிக் குத்திப் பார்த்தார். மூங்கில் பாதி தூரம் போய் நின்றது. வெளியே இழுத்தால் நுனியில் எண்ணெய்ப் பிசுக்கு.

"பாத்தீங்களா? நான் சொன்னேன்லா!" என்றாள் அடுத்த வீட்டுக்காரி. "எல்லாம் முறுக்கு எண்ணெ. கட்டி கட்டியா ஒறஞ்சு லோங்காங்க அடைச்சுக்கிட்டு நிக்குது."

"நான் மட்டுமாக்கா லோங்காங்ல ஊத்துறேன்?" என்றார் முறுக்குக்காரர். குரல் எழும்பவில்லை.

"திங்கக்கிழம ஆள் கூட்டிட்டு வர்றேன்" என்றார் கவுன்சிலரம்மா. "உங்க வாசல்லதான் மொதல்ல ஒடைக்கணும், அண்ணே. லோங்காங் சரியாகி, ஆபீஸ்லேந்து வந்து பாக்குற வரைக்கும் அடுப்பப் பத்த வெக்காதீங்க."

"எப்ப வருவாங்க?"

"அது எனக்குத் தெரியாதண்ணே. ஒரு மாசம் கூட ஆகும்."

முறுக்குக்காரர் உள்ளே போய்க் கேஸ் தோம்பை அடுப்பிலிருந்து கழற்றித் தூக்கி வந்து வாசலில் வைத்தார்.

கவுன்சிலரம்மா வழக்கம்போல் என் வீட்டுக்குத் தண்ணீர் குடிக்க வந்தார். கிளாஸை வாங்கிக்கொண்டு, "உங்க வீட்டுல என்னம்மா?" என்றார். என் நம்பருக்கு நேரே பேனா தயாராக நின்றது.

"கொஞ்சம் அடுப்படிக்கு வாங்க" என்றேன்.

அங்கே வைத்துச் சொன்னேன். கட்டை, பந்தக்கால், மாமியார் எல்லாவற்றையும்.

"எத்தன கட்டம்மா?"

"ஆறு."

"நீங்க வந்து சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்குப் புரிந்தது. வெளியே போய், "நான்தான் தப்பாப் பாத்துட்டேன். அடைப்பு இந்தம்மா வாசல்ல இருக்கும்போல. இங்கதான் ஒடைக்கணும்" என்றார். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

அடுத்த வீட்டுக்காரி பாய்ந்து வந்தாள். "அண்ணன் போட்ட சிமெண்டயா? அத எதுக்கு ஒடைக்கணும்? அவுரு வேலையில ஒரு கொற சொல்ல முடியுமா? பாவம், ஒண்டியா இருக்குற அக்கா. அவங்க வாசல்ல கை வெக்காதீங்க!"

எனக்காகத்தான் அவள் சண்டை போட்டாள். அதற்கு மேல் என்னால் கதவுக்குப் பின்னால் நிற்க முடியவில்லை.

"உள்ள முட்டுக்கட்ட இருக்கு" என்றேன். "நாங்கதான் எடுக்காம விட்டுட்டோம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"மெத்த நனஞ்சப்ப வந்து தொடச்சியேக்கா. அப்பக்கூட சொல்லலியே" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்காரி உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை மெஷின் வைத்து உடைத்தார்கள். சிமெண்டு லேசில் விடவில்லை. ஆட்கள் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தார்கள். கட்டைகள் கறுத்துப்போய், துணியும் பிளாஸ்டிக்கும் சுற்றிக்கொண்டு வந்தன. அவற்றின் மேல் எண்ணெய் மெழுகு மாதிரி அப்பியிருந்தது.

முறுக்குக்காரர் ஒரு கட்டையைக் காலால் புரட்டிப் பார்த்தார். "என் எண்ணெயும் இருக்கு, அக்கா. நீங்க மட்டும் இல்ல. இனிமே டின்ல ஊத்தி வெச்சுடறேன்" என்றார். அன்று சாயங்காலமே கவுன்சிலரம்மா அலுவலக ஆளைக் கையோடு கூட்டி வந்து காட்டிவிட்டார். மறுநாள் முறுக்குக்காரர் வீட்டிலிருந்து ஓம வாசனை வந்தது.

அந்த வாரம் நல்ல மழை. தண்ணீர் சத்தத்தோடு என் வாசலைக் கடந்து போனது. அடுத்த வீட்டுக் கூடம் நனையவில்லை என்று முறுக்குக்காரர்தான் வந்து சொன்னார். அவள் என்னோடு பேசவில்லை.

எங்கள் வரிசையின் முறை இல்லாவிட்டாலும் சனிக்கிழமை வந்த கவுன்சிலரம்மா கால்வாயின் அந்தப் பக்கமே நின்றார்.

"உங்க வீட்டுல என்னம்மா?"

வாயில் பழைய பதில்தான் வந்தது. அதை விழுங்கிக்கொண்டேன்.

"வாசலத் தாண்ட முடியல. கால் வெச்சுப் போக ஒரு பலகை வேணும்."

அவர் சிரித்துக்கொண்டே நோட்டைத் திறந்தார். அடுத்த வீட்டு ஜன்னலிலிருந்து சத்தம் வந்தது.

"பலகை போட்டுக் குடுங்க. ஆனா கீழ முட்டுக்கட்ட வெக்க வேணாம்னு அக்காகிட்ட சொல்லிடுங்க!"

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். அவள் முகத்தைக் காட்டவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் பின்கதவு வழியாக, "அக்கா, டீ ஆத்திட்டேன், வர்றியா?" என்று கேட்டாள்.