இரண்டு மதிப்பெண் கேள்விக்கு மூன்று பக்கம்

நான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய வருடம் என் அப்பாவும் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார். ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் ஒப்பந்தக்காரரிடம் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். பத்தாவது தேறிய சான்றிதழ் இருந்தால் நிரந்தர வேலை என்று சொல்லியிருந்தார்கள். பள்ளியில் கணக்கும் இங்கிலீஷும் தேறிவிட்டவர், தமிழில் மட்டும் தவறியிருந்தார். அதைச் சொல்லிச் சிரிக்க வீட்டில் எனக்கு மட்டும் அனுமதி உண்டு.

இரண்டு பேருக்கும் ஒரே புத்தகம். வேலை முடிந்து வந்து, குளித்த பிறகும் முழங்கை மடிப்பில் சிமெண்ட் வெளுத்திருக்க, என் எதிரே சம்மணம் போட்டு உட்காருவார். நான் செய்யுள்களைக் கடகடவென்று ஒப்பிப்பேன். அவரோ ஒரு பழம்பாட்டிலேயே நின்றுவிட்டார். பொருள் தேடிப் போனவன், வறண்ட வழியில் நடந்தபடி, வீட்டில் விட்டுவந்தவளை நினைக்கிற பாட்டு.

"அப்புறம் ஊருக்கு வந்துட்டானா பாப்பா?"

"அதெல்லாம் பாட்டுல இல்லப்பா. திணையும் துறையும் எழுதுனா போதும். ரெண்டு மார்க்கு."

"இல்ல, அவ என்ன நெனச்சிருப்பா?"

"அது கேள்வியில வராதுப்பா!"

நான் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா துபாய்க்குப் போய் நான்கு வருடம் இருந்தார் என்பது எனக்குத் தெரிந்த செய்திதான். ஆனால் அது வேறு, இது தமிழ்ப் பாடம்.

அவருக்கு அரியலூரில் தேர்வு மையம். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியவர் முகமெல்லாம் சிரிப்பு.

"நம்ம பாட்டு வந்துச்சு பாப்பா. மூணு பக்கம் எழுதிட்டேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கட்டுரையையும் கடிதத்தையும் தொடுவதற்குள் மணி அடித்துவிட்டதாம். முடிவு வந்தபோது எனக்குத் தொண்ணூற்றெட்டு, அவருக்கு முப்பத்திரண்டு. தேறுவதற்கு மூன்று மதிப்பெண் குறைவு.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "வேல வூட்டு வாசல்ல வந்து நிக்குது. ரெண்டு மார்க்குக்கு யாராச்சும் மூணு பக்கம் எழுதுவாங்களா? அப்படி என்னதாங்க எழுதுனீங்க?"

அப்பா தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். "அங்கேருந்து போன் பண்றப்பல்லாம் ஒங்கிட்ட நல்லாருக்கேன்னு மட்டுந்தான சொல்லுவேன். சொல்லாதது எவ்வளவோ இருந்துச்சில்ல. அதத்தான்."

அம்மா சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெகுநேரம் எங்களுக்கு முதுகைக் காட்டியே நின்றாள். பிறகு ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபம் இன்னும் தணியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நான் பயந்தேன்.

மறுநாளே அப்பாவைத் துணைத்தேர்வுக்குத் தயார்செய்ய ஆரம்பித்தேன். பொறுப்பு முழுவதும் என்னுடையது என்று தோன்றியது. எந்தப் பாட்டு வந்தாலும் நான்கு வரிக்கு மேல் போகக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவரும் சொன்னபடி நான்கு வரியோடு நிறுத்தி, நாற்பத்தொன்று வாங்கித் தேறினார். வேலையும் கிடைத்தது.

அப்பாவுக்கு நான்தான் தமிழ் சொல்லிக்கொடுத்தேன் என்று வெகுகாலம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.